மெய்நிகர் கணினியை ஹோஸ்ட் மாற்றும்போது நெட்வொர்க் பழுதைக் கண்டறிவது எப்படி

ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினி (மென்பொருளால் உருவாக்கப்பட்ட கணினி) ஒன்றை ஒரு ஹோஸ்டிலிருந்து (அதை இயக்கும் பருப்பொருள் கணினி) இன்னொரு ஹோஸ்டுக்கு மாற்றும்போது இரண்டு நெட்வொர்க்குகள் சம்பந்தப்படுகின்றன. நினைவகத்தில் உள்ளதை ஹோஸ்டிலிருந்து ஹோஸ்டுக்குக் கடத்தும் பாதை ஒன்று. அந்த மெய்நிகர் கணினி தன் பயனர்களோடு தொடர்புகொள்ளும் பாதை மற்றொன்று. இரண்டில் எது பழுதுபட்டது என்று பிரித்தறியாமல் ஃபயர்வாலையும் சுவிட்சையும் ஒருசேரத் திருத்தத் தொடங்கினால், எந்தத் திருத்தம் பலன் தந்தது என்பதுகூடத் தெரியாமல் போகும்.

பிரித்தறிய உதவுவது நேரம். மாற்றத்தைத் தொடங்கும் முன்பே, வெளியிலுள்ள ஒரு கணினியிலிருந்து அந்த மெய்நிகர் கணினிக்கு நேரக் குறிப்புடன் பிங்கை (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) ஓடவிடுங்கள். மாற்றம் தொடங்கியவுடன் பிழை வந்ததா, மாற்றம் பாதியில் நின்றதா, எல்லாம் முடிந்த பிறகு தொடர்பு அறுந்ததா, அறுந்த தொடர்பு தானாகத் திரும்பியதா என்பது அந்தப் பதிவை மேலாண்மைத் திரை காட்டும் நேரங்களோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கடைசி நொடிக் கைமாற்றத்தில் ஒன்றிரண்டு பாக்கெட்டுகள் தவறுவது இயல்பு. அதைப் பழுதாகக் கருத வேண்டாம்.

தொடங்கியவுடனே பிழை

இந்த நிலையில் பெயரையும் போர்ட்டையும்தான் (ஒரு சேவைக்கான இணைப்பு எண்) முதலில் சந்தேகிக்க வேண்டும். லிப்வர்ட் என்னும் மேலாண்மை மென்பொருள் வழியாக கே.வி.எம். (லினக்ஸின் மெய்நிகராக்கம்) பயன்படுத்துவோர், இலக்கு ஹோஸ்டின் பெயர் அந்த ஹோஸ்டிலேயே 127.0.0.1 (தன்னையே குறிக்கும் முகவரி) என்று பதிவாகியிருக்கிறதா எனப் பாருங்கள். அப்படி இருந்தால் மூல ஹோஸ்டுக்குச் செல்லுபடியாகாத முகவரி கிடைத்து, மாற்றம் தொடங்காமலே நின்றுவிடும். அடுத்து, விமோஷனுக்கு (விஎம்வேரின் நேரடி மாற்ற வசதி) டி.சி.பி. 8000, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி நேரடி மாற்றத்துக்கு 6600, லிப்வர்ட்டுக்கு இயல்பாக 49152 முதல் 49215 வரையிலான போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். மாற்றம் எத்திசையிலும் நடக்கலாம் என்பதால் எல்லா ஹோஸ்டுகளிலும் அவற்றைச் சோதியுங்கள். ஹைப்பர்-வியில் கெர்பரோஸ் என்னும் அங்கீகார முறை இருந்தால் கணினிகளின் கடிகாரங்களையும் பாருங்கள். இயல்பான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அங்கீகாரம் மறுக்கப்படும், அது வெளிப்பார்வைக்கு நெட்வொர்க் பழுது போலவே தோன்றும்.

‘பிங் போகிறதே’ என்ற பதில்தான் இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்கிறது. பிங் போவதால் போர்ட் திறந்திருப்பதாகாது. அது எந்த இடைமுகம் வழியாகப் போனது என்பதும் தெரியாது. குறிப்பாக விஎம்வேரின் ஹோஸ்ட் மென்பொருளான ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.-யில் விமோஷனுக்குத் தனி டி.சி.பி. அடுக்கு அமைத்திருந்தால், இடைமுகத்தையும் அடுக்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுத்தான் பிங் செய்ய வேண்டும். இல்லையென்றால் நிர்வாக நெட்வொர்க்கைச் சோதித்துவிட்டு விமோஷன் நெட்வொர்க் நலம் என்று முடிவுகட்டிவிடுவோம்.

பாதியில் நிற்பது

தொடர்பு உருவாகி, சில விழுக்காடு நகர்ந்து, பிறகு அசையாமல் நின்றால் எம்.டி.யு. (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பொருந்தாமையைச் சோதியுங்கள். தொடர்பை ஏற்படுத்தும் பாக்கெட்டுகள் சிறியவை, அவை தப்பிவிடும். நினைவகத் தரவைச் சுமக்கும் பெரிய பாக்கெட்டுகள் வழியிலுள்ள ஏதோ ஒரு சுவிட்சில் மாண்டுபோகும். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தேர்வுடன், எம்.டி.யு. 9000 என்றால் 8972 பைட் அளவிலும், 1500 என்றால் 1472 பைட் அளவிலும் பிங் செய்யுங்கள். ஐ.பி. தலைப்புக்கு 20, ஐ.சி.எம்.பி. தலைப்புக்கு 8 என 28 பைட்டுகள் கழிகின்றன. இரு திசையிலும் செய்வது அவசியம். வழியிலுள்ள எல்லாச் சுவிட்சுகளும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் 1500-லேயே விட்டுவிடுவது நல்லது. 9000 தரும் வேக லாபம் இந்த அலைச்சலுக்கு ஈடாகாது.

பாதை நலமாக இருந்தும் மாற்றம் முடியாமல் இழுத்துக்கொண்டே போனால், அது பெரும்பாலும் வேகப் போட்டி. 1 ஜிகாபிட் இணைப்பு நொடிக்கு ஏறக்குறைய 110 மெகாபைட் கடத்தும். 64 ஜிகாபைட் நினைவகத்தை ஒரு முறை நகலெடுக்கவே 10 நிமிடம் ஆகிவிடும். அதற்குள் அந்தக் கணினி தன் நினைவகத்தை அதைவிட வேகமாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தால் நகல் ஒருபோதும் மூலத்தை எட்டாது. சுமை குறைந்த நேரத்தில் மாற்றுவது, மாற்றத்துக்கென அகன்ற இணைப்பை ஒதுக்குவது, கே.வி.எம்.-ல் சி.பி.யு. வேகத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும் வசதியை இயக்குவது ஆகியவை வழிகள்.

முடிந்த பிறகு தொடர்பு அறுவது

மேலாண்மைத் திரை வெற்றி என்று காட்டும், பயனர்களோ அணுக முடியவில்லை என்பார்கள். அதிகக் குழப்பம் தருவது இதுதான். முதலில் மெய்நிகர் கணினியின் கன்சோலுக்குள் நுழைந்து, அங்கிருந்து கேட்வேக்குப் (நெட்வொர்க்கின் வெளிவாசல்) பிங் செய்யுங்கள். செய்த அந்தக் கணமே வெளியிலிருந்தும் அணுக முடிந்தால், பழுது சுவிட்சின் மேக் முகவரிப் பட்டியலில் (எந்த நெட்வொர்க் அட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்ற பட்டியல்) இருக்கிறது. சுவிட்ச் இன்னும் பழைய ஹோஸ்டின் போர்ட்டுக்கே (இங்கே போர்ட் என்பது சுவிட்சில் கேபிள் செருகும் இடம்) பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. மெய்நிகர் கணினி தானாக ஒரு பாக்கெட்டை வெளியிட்டதும் புதிய இடத்தைக் கற்றுக்கொண்டது. பல சுவிட்சுகளில் இந்தப் பட்டியலின் ஆயுள் இயல்பாக 300 நொடி என்பதால், ‘ஐந்து நிமிடத்தில் தானே சரியாகிவிட்டது’ என்ற புகாருக்கும் இதுவே விளக்கமாக இருக்கலாம்.

இதைத் தவிர்க்கத்தான் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.-யும், கே.வி.எம்.-உடன் இயங்கும் கெமுவும் மாற்றம் முடிந்தவுடன் ஆர்.ஏ.ஆர்.பி. அறிவிப்புகளை (சுவிட்சுகளுக்குப் புதிய இடத்தைக் கற்றுத்தரும் பாக்கெட்டுகள்) வெளியிடுகின்றன. அவை ஏன் சேரவில்லை என்று தேடுங்கள். சுவிட்சுகளுக்கு அறிவிக்கும் விருப்பத்தேர்வு போர்ட் குழுவில் (மெய்நிகர் சுவிட்சின் அமைப்புத் தொகுப்பு) அணைக்கப்பட்டிருக்கலாம். விண்டோஸ் சுமைப் பகிர்வை யூனிகாஸ்ட் முறையில் இயக்குவோர் வேண்டுமென்றே அணைத்திருப்பார்கள், ஆகவே கேட்காமல் இயக்கிவிடாதீர்கள். ஒரே மேக் முகவரி வேறு போர்ட்டில் தோன்றுவதை அத்துமீறலாகக் கருதி, சுவிட்சின் போர்ட் பாதுகாப்பு தடுத்திருக்கவும் கூடும்.

கன்சோலிலிருந்தும் கேட்வே பதில் தரவில்லை, எவ்வளவு காத்திருந்தும் மீளவில்லை, பழைய ஹோஸ்டுக்குத் திருப்பினால் மட்டும் சரியாகிறது என்றால், புதிய ஹோஸ்டின் சுவிட்ச் போர்ட்டில் அந்த வி-லேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கப்பட்ட தனி நெட்வொர்க்) அனுமதிக்கப்படவில்லை என்றே முதலில் ஐயப்படுங்கள். உறுதிசெய்ய, மெய்நிகர் அட்டையிலும் ஹோஸ்டின் பருப்பொருள் அட்டையிலும் டி.சி.பி. டம்ப் போன்ற கருவியால் பாக்கெட்டுகளை ஒரே நேரத்தில் கவனியுங்கள். ஏ.ஆர்.பி. கேள்வி (ஒரு ஐ.பி. முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்பது) முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால் ஹோஸ்டின் பிரிட்ஜையோ (அந்த இரு அட்டைகளையும் இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) வடிகட்டி விதிகளையோ திருத்த வேண்டும். இரண்டிலும் தெரிந்து பதில் மட்டும் வராவிட்டால் சுவிட்ச் பக்கம் போகலாம். அங்கே பட்டியலில் 00:50:56 அல்லது 52:54:00 என்று தொடங்கும் முகவரிகளைத் தேடினால், முறையே விஎம்வேர், கெமு கணினிகளை எளிதில் அடையாளம் காணலாம்.

சில மெய்நிகர் கணினிகள் மட்டும் அறுந்து, பக்கத்தில் உள்ளவை நலமாக ஓடினால், பிணைக்கப்பட்ட இரு கேபிள்களில் ஒன்றில் மட்டும் வி-லேன் விடுபட்டிருக்கலாம். எந்தக் கணினி எந்தக் கேபிளில் விழும் என்பதைப் பகிர்வு முறை தீர்மானிப்பதால் பழுது தற்செயல் போலத் தெரியும். பயன்பாடு குறைந்த வேளையில் ஒவ்வொரு கேபிளாக முடக்கிப் பார்த்தால் வெளிப்பட்டுவிடும்.

புதிய இணைப்புகள் உருவாகின்றன, பழையவை மட்டும் உறைந்துவிட்டன என்றால் சுவிட்சைத் தொடாதீர்கள். ஹோஸ்டிலேயே இயங்கும் ஃபயர்வால், இணைப்புகளின் நிலையைத் தன்னிடம் வைத்திருக்கும். மெய்நிகர் கணினியோடு அந்த நிலையும் இடம்பெயரவில்லையென்றால், புதிய ஹோஸ்ட் நடுவழிப் பாக்கெட்டுகளை அறியாதவை என்று கைவிட்டுவிடும். நிலையையும் சேர்த்துக் கடத்தும் அமைப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது அந்த வடிகட்டலை ஹோஸ்டிலிருந்து வேறிடத்துக்கு நகர்த்துங்கள்.

திருத்திய பிறகு, ஒவ்வொரு வி-லேனிலும் ஒரு சிறிய சோதனைக் கணினியை உருவாக்கி, எல்லா ஹோஸ்டுகளுக்கும் போகவும் திரும்பவும் மாற்றிப் பாருங்கள்; அமைப்புகள் ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் தனித்தனியே எழுதப்படுவதால், ஒரு திசையில் கிடைத்த வெற்றி மறுதிசைக்குச் சான்றாகாது.