செப்டம்பர் எல்க் வேட்டை: குளிருக்குத் தயாராகிவிட்டு ஈரத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

கொலராடோ மலைகளுக்கு முதல் முறையாக எல்க் வேட்டைக்குப் போகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கே எவ்வளவு குளிரும்?" குளிரைத் தாங்க நம்மிடம் துணி இருக்கிறது, கொஞ்சம் பணம் கொடுத்தால் இன்னும் நல்ல துணி கிடைக்கும். மலைமேல் ஆளை முடக்குவது ஈரம். நம் வியர்வை, பிற்பகல் மழை, விடியற்காலையில் புல்லில் நிற்கும் பனித்துளி, கூடாரத்தின் உள்பக்கம் கோத்து நிற்கும் நீர் எல்லாம் சேர்ந்து ஒரு வாரப் பயணத்தை இரண்டே நாளில் முடித்துவிடும். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி, ஒரு பொருளை வாங்கும்போது 'இது நனைந்தால் என்ன ஆகும்' என்று யோசிக்காததால் வந்தவைதான்.

எல்க் என்பது நம் கடமானைவிடப் பெரிய மான். (இலங்கையில் இருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் கடமானையே எல்க் என்று அழைத்தார்கள், பழைய குறிப்புகளைப் படித்துக் குழம்ப வேண்டாம்.) அமெரிக்காவிலேயே அதிக எல்க் உள்ள மாநிலம் கொலராடோ, கிட்டத்தட்ட 2,80,000 இருக்கும். செப்டம்பரில் அவை இணை சேரும் பருவம், கிடாக்கள் குரல் கொடுத்துக்கொண்டே திரியும், வில் வேட்டைக்கான பருவமும் அப்போதுதான். சாலையிலிருந்து பல கிலோமீட்டர் நடந்து, 3,000 மீட்டருக்கு மேல் கூடாரம் போட்டு, தேவையான அத்தனையையும் முதுகில் சுமந்து வேட்டையாடுவதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

முதல் தவறு வீட்டிலேயே நடக்கிறது, பக்கத்து ஊரின் பெயரைப் போட்டு வானிலை பார்ப்பது. டென்வரில் 2020 செப்டம்பர் 5 அன்று வெயில் 38 டிகிரி செல்சியஸ், அடுத்த மூன்றே நாளில், 8ஆம் தேதி, அதே ஊரில் பனி பெய்தது. டென்வரின் உயரம் 1,600 மீட்டர், நீங்கள் படுக்கப்போவது அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் வரைபடத்தை விரித்து நீங்கள் போகும் மலைச்சரிவையே சொடுக்கினால் அந்த இடத்துக்கும் உயரத்துக்கும் உரிய முன்னறிவிப்பு கிடைக்கும். அதையும் பார்த்துவிட்டு, அதைவிட மோசமான ஒரு நாளுக்குத் துணி எடுங்கள்.

சரி, துணிக்கு வருவோம். விடியற்காலை நாலு மணி, வெளியே மைனஸ் 2 டிகிரி, கூடாரத்தைவிட்டு வந்ததும் உடம்பு நடுங்கும், அதனால் கையில் கிடைத்ததை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்குவோம். இருபது நிமிடத்தில் முதுகு தொப்பலாக நனைந்துவிடும். மேலே போய் ஒரு பாறையில் உட்கார்ந்து பைனாகுலரில் எதிர்ச்சரிவைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் வினை, ஏனென்றால் நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல்சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். ஃபிளாட் டாப்ஸ் பகுதியில் என் முதல் பருவத்தில் இதுதான் எனக்கு நடந்தது. தடித்த ஃபிளீஸ் போட்டுக்கொண்டு ஏறினேன், மேட்டில் காற்று பிடித்தது, கீழே எங்கோ ஒரு கிடா குரல் கொடுத்துக்கொண்டே இருக்க, அம்பை நாணில் பொருத்த விரல் வளையவில்லை. இறங்கி வந்து ஸ்லீப்பிங் பேக்குக்குள் புகுந்ததுதான் அன்றைய வேட்டை. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் துணி அதிகம். ஏறும்போது ஒரு மெல்லிய மெரினோ கம்பளிச் சட்டை, காற்று பலமாக இருந்தால் மேலே ஒரு மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை, அவ்வளவுதான். பஃபி ஜாக்கெட் (இறகோ செயற்கை இழையோ நிரப்பிய உப்பலான ஜாக்கெட்) பைக்குள் மேலாக இருக்க வேண்டும், நின்ற உடனே, உடல் சூடு இறங்குவதற்கு முன்பே எடுத்துப் போட்டுக்கொள்ள.

பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது, மலைக்கு வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஜீன்ஸோடு வந்து நிற்கிறார்கள். மேல்சட்டையில் கவனமாக இருந்துவிட்டு உள்ளாடையையும் சாக்ஸையும் பருத்தியிலேயே விட்டுவிடுவது இன்னும் பரவலான தவறு, முதலில் நனைவதும் கடைசியில் காய்வதும் அவைதான். மெரினோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது, நாலு நாள் போட்டாலும் பெரிதாக நாறாது. பாலியஸ்டர் சீக்கிரம் காயும், விலையும் குறைவு, இரண்டாவது நாளிலேயே வாடை வந்துவிடும். இரண்டில் எதுவானாலும் சரிதான், பருத்தி மட்டும் வேண்டாம். இறகு நிரப்பிய ஜாக்கெட் எடை குறைவானது, சுருட்டினால் கைக்குள் அடங்கும், ஆனால் நனைந்தால் இறகு கட்டிதட்டி வெறும் துணியாகிவிடும். செயற்கை இழை நிரப்பியது கொஞ்சம் கனம், ஈரத்திலும் ஓரளவு சூடு தரும். ஒரே ஒரு ஜாக்கெட்தான் வாங்க முடியும் என்றால் நான் செயற்கை இழையைத்தான் சொல்வேன்.

மழைச்சட்டையைச் சுமை குறைக்க வேண்டும் என்று காரிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும். காலையில் வானம் துடைத்துவைத்தது போல இருக்கும், மதியம் இரண்டு மணிக்கு ஆலங்கட்டியோடு இடி இறங்கும். உடல்சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போக உறைபனி தேவையில்லை, 5 டிகிரி, மழை, காற்று மூன்றும் சேர்ந்தால் போதும். மழைச்சட்டை மட்டும் போதாது, மழைக் கால்சட்டையும் வேண்டும், ஏனென்றால் மழையே இல்லாத நாளிலும் விடியற்காலையில் இடுப்பளவு புதரில் அரை மணி நேரம் நடந்தால் தொடைவரை நனைந்துவிடும். அந்தத் துணி சரசரவென்று சத்தம் போடும், வில்லோடு நெருங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும் என்பதும் உண்மைதான். அதற்காகக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள்.

பூட்ஸை ஆகஸ்ட் கடைசியில் வாங்காதீர்கள். ஜூன் மாதமே வாங்கி, பையில் 20 கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பழக்குங்கள், கொப்புளம் எங்கே வருகிறது என்பது வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடட்டும். சமதளத்தில் சும்மா நடந்து பழகியது கணக்கில் வராது, குதிகால் உரசுவது ஏற்றத்தில்தான், விரல்நகம் இடிபடுவது இறக்கத்தில்தான். எரிச்சல் தொடங்கிய நொடியில் நின்று டேப் ஒட்டுங்கள், "மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நடந்த ஒருவரை மூன்றாம் நாள் கைத்தாங்கலாக இறக்க வேண்டியிருந்தது. தூங்குவதற்கென்று ஒரு ஜோடி சாக்ஸை உறை போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துவிடுங்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பகலில் அதைத் தொடக் கூடாது.

ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி ஏமாறுவது அடுத்தது. மைனஸ் 7 என்று பெரிதாகப் போட்டிருப்பது பல நேரங்களில் சுருண்டு படுத்து எப்படியோ சமாளிக்கும் அளவு, நிம்மதியாகத் தூங்கும் அளவு அதைவிட ஐந்தாறு டிகிரி மேலே இருக்கும், அது சின்ன எழுத்தில்தான் இருக்கும். அடியில் விரிக்கும் பாய் மெல்லியதாக இருந்தால் எவ்வளவு நல்ல பேக்கும் பயனில்லை, உடல் எடையில் நசுங்கிய பக்கத்தில் சூடு நிற்காது, தரை இழுத்துக்கொள்ளும். அப்புறம், நனைந்த துணியை இரவு நெருப்பு மூட்டிக் காயவைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கோடு போகாதீர்கள். வறண்ட ஆண்டுகளில் செப்டம்பரிலும் காட்டில் நெருப்பு மூட்டத் தடை இருக்கும். பெரும்பாலான தடைகளில் மூடித்திறக்கும் வால்வு உள்ள கேஸ் அடுப்புக்கு அனுமதி உண்டு, விறகு நெருப்புக்குக் கிடையாது. லேசான ஈரத்தை உடம்பின் சூட்டில், நடந்துகொண்டே காயவைக்கலாம், அதற்கும் துணி சரியானதாக இருக்க வேண்டும்.

விமானத்தில் வருகிறவர்கள் கேஸ் சிலிண்டரைப் பெட்டியில் வைத்துவிட வேண்டாம், எந்தப் பெட்டியிலும் அனுமதி இல்லை. இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் அறியாத ஒன்று தண்ணீர் ஃபில்டர். குழாய்க்குள் நுண்ணிழைகள் உள்ள வகை ஒரு முறை பயன்படுத்திய பிறகு உறைந்துவிட்டால் உள்ளே இழைகள் வெடித்துவிடலாம், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியும் சேர்ந்தே வரும். இரவில் ஃபில்டரை நன்றாக உதறி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்பக்கம் வையுங்கள். போன், ஹெட்லேம்ப் பேட்டரி, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி மூன்றும் அங்கேயே தூங்கட்டும்.

எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கும் தவறு இறைச்சி விஷயத்தில் நடப்பது. போகும்போது என்ன சுமப்போம் என்று கிராம் கிராமாகக் கணக்குப் பார்த்தவர்கள், திரும்பும்போது என்ன சுமப்போம் என்று யோசிப்பதே இல்லை. வளர்ந்த கிடா 300 கிலோவைத் தாண்டும், எலும்பை நீக்கிய இறைச்சியே 90 கிலோ வரை வரும். தனி ஆளாக இருந்தால் மூன்று நான்கு நடை. காருக்கும் அந்த இடத்துக்கும் 8 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு நடக்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், எவ்வளவு உள்ளே போகலாம் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். சாதாரண மலையேற்றப் பையில் 30 கிலோ இறைச்சியை வைத்தால் மொத்த எடையும் தோளில் தொங்கும். இடுப்புக்கு எடையை இறக்கும் உறுதியான ஃபிரேம் உள்ள பையாக இருக்க வேண்டும், இரண்டு ஊன்றுகோலும் வேண்டும். உண்ணத் தகுந்த இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது கொலராடோவில் குற்றம். சட்டத்தை விடுங்கள், அவ்வளவு பெரிய ஓர் உயிரை எடுத்துவிட்டு அதை அழுகவிடுவதை எப்படிச் சரி என்று சொல்ல முடியும்?

செப்டம்பர் பகலில் 20 டிகிரி வரை போகும், அதுவும் அந்தத் தடித்த தோல் கம்பளி போலச் சூட்டை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். தோலை உடனே உரிக்க வேண்டும், பின்னங்காலில் எலும்பை ஒட்டிய இடம்தான் முதலில் கெடும் என்பதால் அங்கே ஆழமாகக் கீறிச் சூட்டை வெளியே விட வேண்டும். இங்கேயும் எதிரி ஈரம்தான். குப்பைப் பையிலோ பிளாஸ்டிக் உறையிலோ சூடான இறைச்சியைப் போட்டால் அதன் சூட்டிலும் ஈரத்திலும் அதுவே வெந்து கெட்டுப்போகும். காற்றுப் புகும் துணிப்பைகள் ஐந்தாறு எடுத்துப்போய், நிழலில், காற்றோட்டமான கிளையில் தொங்கவிட்டால் மேற்பரப்பு காய்ந்து ஒரு படலம் உருவாகும், ஈயும் அண்டாது. கத்தி ஒன்று போதாது, மாற்று அலகுகளும் வேண்டும், இருட்டில்தான் பெரும்பாலும் அறுக்க வேண்டியிருக்கும் என்பதால் ஹெட்லேம்புக்கு இன்னொரு ஜோடி பேட்டரியும் வேண்டும்.

உருமறைப்புத் துணிக்கும் வாடை போக்கும் சோப்புக்கும் செலவழிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எல்க்கின் மூக்கை எந்தச் சோப்பும் ஏமாற்றாது. காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும், வெயில் ஏறினால் மேல்நோக்கித் திரும்பும், அதைப் பார்த்து நிற்கும் இடத்தைத் தேர்வு செய்வதுதான் வழி. அந்தப் பணத்தைப் பூட்ஸில் போடுங்கள். ஆனால் ஆரஞ்சு நிறத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். துப்பாக்கிப் பருவங்களில், செப்டம்பர் நடுவில் வரும், குழல்வாய் வழியே மருந்து திணிக்கும் பழைய பாணித் துப்பாக்கிக்கான பருவம் உட்பட, இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிறமும், அதே நிறத்தில் தொப்பியும் கட்டாயம். வில் வேட்டை உரிமத்தோடு போகிறவருக்குக் கட்டாயமில்லை. இருந்தாலும் கொம்பை முதுகில் கட்டிக்கொண்டு புதருக்குள் நடக்கும்போது அதன்மேல் ஓர் ஆரஞ்சுத் துணியைச் சுற்றுங்கள், தூரத்தில் துப்பாக்கியோடு நிற்பவர் கண்ணுக்கு நீங்கள் எல்க் மாதிரித்தான் தெரிவீர்கள்.

கடைசியாகக் கார். நடக்கத் தொடங்குவதற்கு முன், பால் கேன்களில் தண்ணீரை உறையவைத்துப் பெரிய ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, பெட்டிகளைக் கம்பளியால் மூடி வண்டிக்குள் நிழலில் விட்டுப் போங்கள், நான்கைந்து நாள் தாங்கும். அதன் பக்கத்திலேயே முழுக்க உலர்ந்த ஒரு மாற்றுத் துணி, ஒரு ஜோடி செருப்பு, குடிக்கத் தண்ணீர்.