தொடக்கக் கடிகாரம் விழுங்கிய ஒலி

ரேடியோவால் இயக்கும் மாதிரிப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் போட்டியாளரின் கண் படகைவிட்டு அகலாது என்பதால், தொடக்கக் கடிகாரம் காதுக்கானதாகவே இருக்க வேண்டும். விதிப்படி எச்சரிக்கை, ஆயத்தம், தொடக்கம் என்ற மூன்று சமிக்ஞைகள் 1 நிமிட இடைவெளியில் எழும். கடைசி நிமிடத்தில் 10 விநாடிக்கு ஒருமுறையும், இறுதி 10 விநாடிகளில் விநாடிதோறும் ஒலி கேட்கும். ஒவ்வொன்றும் ஒலி தொடங்கும் கணத்திலிருந்தே கணக்கிடப்படும்.

எங்கள் குளக்கரையில் கைபேசிச் செயலியைப் புளூடூத் ஒலிபெருக்கியுடன் இணைத்திருந்தேன். இடைப்பட்ட அமைதியில் ஒலிபெருக்கி உறக்கநிலைக்குச் சென்று, ஆயத்தச் சமிக்ஞையின் முற்பகுதியை விழுங்கியது. அதைக் கேட்டுக் கைக்கடிகாரத்தை இயக்கியவர்கள் தொடக்கக் கோட்டைத் தாமதமாகக் கடந்தனர். அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

பின்னர் முழு எண்ணிக்கையையும் எம்பி3 கோப்பாகப் பதிந்து, சிறிய பிளேயரிலிருந்து கம்பிவழியே, தானாக உறங்காத ஒலிபெருக்கிக்குக் கொடுத்தேன். அதன்பின் ஒரு சமிக்ஞையும் தவறவில்லை.