வெளிமாநிலத்தில் பைக் வாங்கி கலிபோர்னியாவுக்குக் கொண்டுவருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் அப்பார்ட்மென்ட் தம்பி ஒருவன் கூப்பிட்டான். சென்னையிலிருந்து சான் ஓசேவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. "அண்ணே, ஓரிகன்ல ஒரு பைக் பாத்துருக்கேன், அங்க சேல்ஸ் டாக்ஸே கிடையாதாம், சனிக்கிழமை போயி எடுத்துட்டு வந்துடலாம்னு இருக்கேன்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் பேசியதை யாரோ பதிவு பண்ணி எனக்கே போட்டுக் காட்டியது மாதிரி இருந்தது.

டயரைப் பார், செயினைப் பார், ரொக்கத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போகாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். காகிதத்திலும் வரியிலும் மாட்டிக்கொள்வதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இது கலிபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

ஓரிகனில் வரி இல்லை, அதனால் நமக்கும் இல்லை

ஓரிகன், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் மாநிலங்களில் விற்பனை வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் பைக்கைக் கொண்டுவந்து இங்கே பதிவு செய்யப் போனால், அதே வரியை 'யூஸ் டாக்ஸ்' என்ற பெயரில், வண்டிகளைப் பதிவு செய்கிற அரசு அலுவலகமான டி.எம்.வி.யின் கவுன்டரில் கட்டச் சொல்வார்கள். விகிதம் நீங்கள் குடியிருக்கும் ஊரைப் பொறுத்தது, வாங்கிய ஊரைப் பொறுத்தது இல்லை. மாநிலத்தின் அடிப்படை 7.25 சதவீதம், அதன்மேல் கவுன்டியும் ஊரும் தங்கள் பங்கை ஏற்றுவதால் பல இடங்களில் 9-ஐத் தாண்டிவிடும். 6,000 டாலர் பைக்குக்கு 9 சதவீதம் என்றால் 540 டாலர். தம்பி மிச்சம் பிடித்ததாகக் கணக்குப் போட்டிருந்த ஆயிரத்தில் பாதி இங்கேயே போயிற்று, பெட்ரோலும் மோட்டல் வாடகையும் தனி.

டீலரிடம் வாங்காமல் தனி ஆளிடம் வாங்கினாலும் இந்த வரி உண்டு. சரி, கொஞ்ச நாள் அங்கேயே நண்பன் வீட்டில் நிறுத்திவைத்துவிட்டு அப்புறம் கொண்டுவரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கி 12 மாதத்துக்குள் இங்கே வந்தால், கலிபோர்னியாவில் ஓட்டத்தான் வாங்கினீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. ஒரு வருஷம் ஷெட்டில் தூங்கப்போகிற பைக்கை எதற்கு இப்போது வாங்க வேண்டும்?

ரசீதைத் தூக்கிப்போடுவது

வாங்கிய மாநிலத்திலேயே வரி கட்டியிருந்தால் அதை இங்கே கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் வாங்குவார்கள். வரி தனியாகத் தெரிகிற ரசீது கையில் இருக்க வேண்டும்.

7,500 மைல்

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அரிசோனாவில், ஃபீனிக்ஸில் ஒருவரிடம் 650 சிசி பைக் ஒன்று பார்த்தேன். ஓடியது 2,900 மைல்தான், டேங்கில் ஒரு கீறல் கிடையாது. 5,200 டாலர் கொடுத்து வாங்கி, வாடகை வேனில் கட்டி, பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம், இவ்வளவு குறைவாக ஓடிய வண்டி கிடைத்ததே என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். என்னைக் கவிழ்த்ததே அந்தக் குறைந்த மைல்தான்.

வெளிமாநில வண்டியை முதல்முறை பதியும்போது ஒருவர் வண்டியை நேரில் பார்த்துச் சரிபார்ப்பார். அன்று வந்தவர் கையில் ஒரு டார்ச். "ஹேண்டிலை இடது பக்கம் திருப்புங்கள்" என்றார். குனிந்து சேசிஸ் எண்ணை எழுதினார், இன்ஜின் எண்ணை எழுதினார், அப்புறம் ஸ்டியரிங் கழுத்துக்குப் பக்கத்தில் ஃபிரேமில் ஒட்டியிருந்த, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை ஸ்டிக்கரை ரொம்ப நேரம் படித்தார். நிமிர்ந்து, "இது 49 மாநில வண்டி" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விஷயம் இதுதான். காற்று மாசு விஷயத்தில் கலிபோர்னியாவுக்குத் தனி விதி. அதனால் தயாரிப்பாளர்கள் ஒரே மாடலை இரண்டு விதமாகச் செய்வது உண்டு: ஒன்று கலிபோர்னியாவுக்கும் சேர்த்து, இன்னொன்று மற்ற 49 மாநிலத்துக்கு மட்டும். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கிற கரி டப்பா ஒன்று பல மாடல்களில் கலிபோர்னியா வண்டியில் மட்டும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும். மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ.வின் விதிகளுக்கும் கலிபோர்னியா விதிகளுக்கும் பொருந்துகிறது என்று இரண்டு பெயரும் அதில் இருக்க வேண்டும். என் வண்டியில் இ.பி.ஏ. மட்டும்தான் இருந்தது.

இங்கே குடியிருப்பவர் 49 மாநில வண்டியை வாங்கும்போது ஓடோமீட்டர் 7,500 மைலுக்குக் கீழே இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது புது வண்டி. ஐந்து கை மாறியிருந்தாலும், பத்து வருஷம் பழசாக இருந்தாலும் புதுசுதான். அதைப் பதிவு செய்ய மாட்டார்கள். அபராதம் கட்டி முடித்துக்கொள்கிற விஷயமும் இல்லை.

உடனே எல்லாருக்கும் தோன்றுகிற யோசனை எனக்கும் தோன்றியது: எப்படியாவது 7,500 வரை ஓட்டிவிட்டு வரலாமே? நடக்காது. வாங்கிய அன்றைக்கு எத்தனை மைல் என்பதுதான் கணக்கு, பதியப் போகிற அன்றைக்கு எத்தனை என்பது இல்லை. வாங்கிய அன்றைய மைல், வண்டி யாருக்குச் சொந்தம் என்று காட்டுகிற டைட்டில் பத்திரத்திலேயே எழுதியிருக்கும்.

என்னை ஏமாற்றியது நண்பன் ஒருவனின் அனுபவம். டெக்சஸிலிருந்து மாற்றலாகி வந்தவன், 4,000 மைல்கூட ஓடாத 49 மாநில பைக்கை இங்கே சுலபமாகப் பதிந்துவிட்டான். அவனுக்கு ஆனது எனக்கு ஆகாதா என்று இருந்துவிட்டேன். அவன் அங்கே குடியிருந்தபோது அவன் பெயரிலேயே பதிந்திருந்த வண்டி அது, குடிமாறி வருபவர்களுக்கு விலக்கு உண்டு. வாரிசாக வருகிற வண்டிக்கும் விவாகரத்தில் கிடைக்கிற வண்டிக்கும்கூட விலக்கு இருக்கிறது. சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கியவனுக்குக் கிடையாது.

கடைசியில் மறுபடி வேன் எடுத்து, மலை ஏறி, பக்கத்து மாநிலமான நிவாடாவின் ரீனோவில் ஒரு கடைக்காரர் தலையில் கட்டினேன். அவர் கொடுத்தது 3,600. எதற்கு விற்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

ஆகவே, பணம் அனுப்புவதற்கு முன்னால் அந்த ஸ்டிக்கரின் படத்தைக் கேளுங்கள். சில மாடல்களில் சீட்டுக்கு அடியில் இருக்கும். "இருக்கு, பாத்துட்டேன்" என்று விற்பவர் வாயால் சொல்வது போதாது, எழுத்து படிக்கிற மாதிரி படம் வேண்டும். ஸ்டிக்கரே இல்லை, உரிந்துவிட்டது என்றால் 7,500-க்கு மேல் ஓடிய வண்டியை மட்டும் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் அதிகம் ஓடிய வண்டிதான் நல்ல வண்டி.

மொன்டானாவில் கம்பெனி தொடங்குவது

அங்கே பெயருக்கு ஒரு கம்பெனி தொடங்கி, அதன் பெயரில் பைக்கைப் பதிந்து இங்கே வரி கட்டாமல் ஓட்டலாம் என்பார்கள். வேண்டாம். வெளிமாநில பிளேட்டோடு இங்கேயே சுற்றுகிறவர்களைப் பிடிக்க ஹைவே பேட்ரோல் ஒரு திட்டமே வைத்திருக்கிறது, அதன் பெயர் 'சீட்டர்ஸ்'. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் நம்பரை இணையத்தில் அவர்களுக்குப் புகாராக அனுப்பிவிட்டால் போதும்.

நம்பர் பிளேட் கூடவே வரும் என்று நம்புவது

கலிபோர்னியாவில் சாதாரண பிளேட் வண்டியோடு போகும். நிவாடாவிலும் அரிசோனாவிலும் பிளேட் விற்பவருக்குச் சொந்தம், சாவியைக் கொடுத்த கையோடு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கழற்றிக்கொள்வார். ஓட்டிக்கொண்டு திரும்பலாம் என்று ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாகப் போய் இறங்கியவர்கள் நடுத்தெருவில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தற்காலிக பெர்மிட்டை முன்கூட்டியே விசாரியுங்கள், இல்லாவிட்டால் டிரெய்லரோடு போங்கள்.

டைட்டில்

அதில் உள்ள பெயரும் எதிரே நிற்பவரின் ஐ.டி.யில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "மச்சானோட வண்டி, அவரு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். வங்கி பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான காகிதம் வேண்டும், "தீர்ந்துடுச்சு" என்ற சொல் செல்லாது.

20 நாள்

வண்டி கலிபோர்னியா எல்லைக்குள் வந்து 20 நாளுக்குள் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். அப்புறம் அபராதம் ஏறும்.

தம்பி அன்று ராத்திரியே ஸ்டிக்கர் படம் அனுப்பினான். பாதி கிரீஸ், பாதி விற்பவரின் கட்டைவிரல். வேறு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.