முதல் தடவை குரூஸ் போறவங்க கப்பல் தேர்ந்தெடுக்கறது எப்படி? (கேஎல், பினாங்கு ஆளுங்களுக்கு)

பினாங்கு ஸ்வெட்டன்ஹாம் பியர் துறைமுகத்துல ஒரு பெரிய கப்பல் வந்து நின்னா போதும், அன்னைக்கு குடும்ப வாட்சப் குரூப்புல எல்லாம் அதோட படம்தான் சுத்தும், சாயங்காலத்துக்குள்ள யாராச்சும் ஒருத்தர் "நம்மளும் ஒருவாட்டி போலாமா, எது நல்ல கம்பெனி"ன்னு கேட்டுருவாங்க. அந்த கேள்விய கொஞ்சம் மாத்தி கேக்கணும்ங்கறதுதான் நான் சொல்ல வர்றது. கம்பெனி பேர் கடைசியா பாக்க வேண்டியது. யார் யார் போறோம், எந்த கப்பல், எந்த மாசம், எந்த ரூம், இத முதல்ல முடிவு பண்ணிட்டா கம்பெனி தானா முடிவாயிடும். ஒவ்வொண்ணா பாக்கலாம், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வெச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல: யார் யார் வர்றாங்க

பேரையும் வயசையும் எழுதுங்க. கைக்குழந்தை இருந்தா, பெரும்பாலான கப்பல்ல ஆறு மாசம் முடிஞ்சிருந்தாதான் ஏத்துவாங்க. மாசமா இருக்கறவங்க பயணம் முடியற நாளுக்குள்ள 24 வாரத்த தொட்டுட்டா ஏற முடியாது, டாக்டர் லெட்டர் காட்டினாலும் விட மாட்டாங்க, அதனால புக் பண்றதுக்கு முன்னாடியே வாரக்கணக்கு போட்டு பாத்துருங்க. அப்புறம் முட்டி வலி இருக்கற பாட்டி, சக்கர நாற்காலில வர்ற தாத்தா, சைவம் மட்டும் சாப்பிடற அத்தை, ஒரு இடத்துல உக்காராத எட்டு வயசு பையன், எல்லாரையும் எழுதுங்க. இந்த லிஸ்ட்ல யாருக்கு ரொம்ப சிரமமோ அவங்கள வெச்சுதான் கப்பல் பாக்கணும், இளசுங்க எந்த கப்பல்ல போட்டாலும் சந்தோஷமா இருப்பாங்க.

அடுத்து: எங்க ஏறப்போறீங்க

நமக்கு இருக்கற இடம் போர்ட் கிள்ளான், இல்லன்னா சிங்கப்பூர். பினாங்குக்கு வர்ற கப்பலுங்க பெரும்பாலும் காலையில வந்து பயணிகள ஜார்ஜ்டவுன் சுத்திப்பாக்க இறக்கி விட்டுட்டு சாயங்காலம் கிளம்பிப் போறதுதான், அங்க நின்னாலும் நம்ம அங்க ஏற முடியும்னு அர்த்தம் இல்ல. ஏறுற ஊர் எதுன்னு விளம்பரத்துல தேடிப் படிங்க.

போர்ட் கிள்ளான் குரூஸ் டெர்மினல் இருக்கறது பூலாவ் இண்டாவுல. கேடிஎம் கொம்முட்டர் ரயில்ல போய் பெலாபுஹான் கிள்ளான் ஸ்டேஷன்ல இறங்கினா பக்கத்துலதான் இருக்கும்னு பலபேர் நெனச்சுக்கறாங்க, அப்படி இல்ல, அங்கருந்து இன்னும் நல்ல தூரம் கார்ல போகணும், அதுக்கு கேஎல்ல இருந்து நேரா கிராப் டாக்ஸி எடுக்கறது பெட்டி படுக்கையோட போறவங்களுக்கு எவ்வளவோ மேல்.

சிங்கப்பூர்னா ரெண்டு டெர்மினல் இருக்கு, மரீனா பே ஒண்ணு, ஹார்பர்ஃப்ரண்ட் ஒண்ணு, ரெண்டும் வேற வேற இடம், டிக்கெட்ல எது போட்டிருக்குன்னு பாருங்க. கப்பல் கிளம்ப ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே செக்-இன் மூடிருவாங்க. ஸ்கூல் லீவு நேரத்துல ஜோகூர் பாலத்துல எவ்ளோ நேரம் நிக்கணும்னு உங்களுக்கே தெரியும், கேஎல் டிபிஎஸ் பஸ் ஸ்டேஷன்ல ராத்திரி பஸ் புடிச்சு காலையில நேரா கப்பல்ல ஏறிடலாம்ங்கற பிளான் வேண்டாம், முதல் நாளே போய் ஒரு ராத்திரி தங்கிடுங்க, அந்த ஹோட்டல் செலவையும் இப்பவே நோட்டுல எழுதிருங்க.

இப்ப கப்பல்: பேர விட்டுட்டு உடம்ப பாருங்க

கப்பலுக்கு பேர் மாறும், முதலாளி மாறுவாங்க, ஆனா கட்டுன கப்பல் அதேதான். ஸ்டார் வாயேஜர்னு 2025ல நம்ம பக்கம் வந்த கப்பல் 1997ல கட்டினது, முதல்ல டான் பிரின்சஸ், அப்புறம் ஆஸ்திரேலியாவுல பசிஃபிக் எக்ஸ்ப்ளோரர், இப்ப மூணாவது பேர். சென்னையிலருந்து இலங்கைக்கு ஓடின கோர்டேலியா கம்பெனியோட எம்பிரஸ், ராயல் கரீபியன் கம்பெனிக்காக 1990ல கட்டின கப்பல். இன்னொரு பக்கம், சிங்கப்பூருக்குன்னே வந்த டிஸ்னி அட்வென்ச்சர், ஜெர்மனியில கெந்திங் ஹாங்காங் கம்பெனிக்காக குளோபல் டிரீம்னு கட்ட ஆரம்பிச்சது, 2022ல அந்த கம்பெனி விழுந்துருச்சு, பாதியில நின்ன கப்பல டிஸ்னி வாங்கி முடிச்சாங்க. பழைய கப்பல்னா மோசம்னு நான் சொல்லல, நல்லா புதுப்பிச்சு வெச்சிருந்தா சின்ன பழைய கப்பல்ல நடக்கற தூரம் கம்மி, வயசானவங்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனா என்ன வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கணும், அதுக்கு கப்பல் பேர போட்டு எந்த வருஷம் கட்டினது, கடைசியா எப்ப புதுப்பிச்சாங்கன்னு தேடிப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்தது கூட்டம். இதுக்கு ஒரு சின்ன கணக்கு இருக்கு, கப்பலோட கிராஸ் டன்னேஜ பயணிகள் எண்ணிக்கையால வகுக்கணும் (டன்னேஜ்னா எடை இல்ல, கப்பலுக்குள்ள இருக்கற இடத்தோட அளவு). கெந்திங் டிரீம்ங்கற கப்பல் ஏறக்குறைய 150,700 டன்னேஜ், ரூமுக்கு ரெண்டு பேர்னு கணக்கு போட்டா 3,350 பேர் வரும், வகுத்தா 45. ராயல் கரீபியனோட ஆந்தம் ஆஃப் தி சீஸ் 168,666, அதே கணக்குல 4,180 பேர், வகுத்தா 40. அப்ப உருவத்துல பெரிய கப்பல்லதான் ஒரு ஆளுக்கு கிடைக்கற இடம் கொஞ்சம் கம்மியா வருது பாருங்க. 30க்கு கீழ போனா பஃபேலயும் லிஃப்ட்லயும் நெருக்கடி தெரியும், 40க்கு மேல இருந்தா தாராளம். ஆனா ஸ்கூல் லீவுல ஒரு ரூமுல நாலு பேர் படுப்பாங்க, அப்ப இந்த கணக்கே கீழ இறங்கிடும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

குணத்துலயும் ஒவ்வொண்ணும் வேற. ராயல் கரீபியனோட ஆந்தம், ஓவேஷன் மாதிரி கப்பல்ல காத்துல மிதக்கற ஸ்கைடைவிங், அலைச்சறுக்கு, மேல தூக்கிட்டு போற கண்ணாடி கூண்டு, பம்பர் கார்னு பசங்களுக்கும் வாலிபருங்களுக்கும் கொண்டாட்டம். கெந்திங் டிரீம் ஆசியக் குடும்பங்கள மனசுல வெச்சு நடத்தற கப்பல், சாப்பாடும் நிகழ்ச்சியும் நமக்கு பழகின மாதிரி இருக்கும். டிஸ்னிய எடுத்துக்கிட்டா வேற ஊர்ல நிக்காம கடல்லயே மூணு நாலு ராத்திரி, கப்பலேதான் ஊர், சின்னப் பிள்ளைங்க இல்லாத வீட்டுக்கு அந்த விலை குடுக்க வேண்டிய அவசியம் இல்லன்னு நான் நெனைக்கறேன்.

மாசமும் ரூட்டும்

இத யாருமே கவனிக்கறது இல்ல, எனக்கு அதுதான் கவலை. மலாக்கா நீரிணை சுமத்ராவோட மறைவுல இருக்கறதால வருஷம் பூரா பெருசா ஆட்டம் இருக்காது, போர்ட் கிள்ளான், பினாங்கு, சிங்கப்பூர் இதுக்குள்ள சுத்தற ரூட் வாந்தி மயக்கம் வர்றவங்களுக்கு நல்லது. புக்கெட் பக்கம் அந்தமான் கடல்ல மே மாசத்துலருந்து அக்டோபர் வரைக்கும் தென்மேற்கு பருவக்காத்து, அலை இருக்கும். வியட்நாம் பக்கம் போற தென்சீனக் கடல்ல நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடகிழக்கு பருவம், டிசம்பர் லீவுக்கு போறவங்க யோசிச்சு எடுங்க.

புக்கெட்ல இன்னொரு விஷயம், பெரிய கப்பலுங்க பத்தோங் கடற்கரைக்கு வெளியில நங்கூரம் போட்டு நிக்கும், சின்ன படகுல ஏத்தித்தான் கரைக்கு கொண்டு போவாங்க. அலை அடிச்சா படகு மேலயும் கீழயும் ஆடும், அதுல தாண்டி ஏறணும், முட்டி வலி பாட்டியால முடியாது, சக்கர நாற்காலிய சில சமயம் ஏத்தவே மாட்டாங்க, காத்து ரொம்ப இருந்தா அந்த நிறுத்தத்தையே ரத்து பண்ணிட்டு கப்பல் போயிரும். அதனால "அங்க கப்பல நேரா துறைமுகத்துல கட்டுவாங்களா, படகுலயா"ன்னு ஏஜெண்ட்கிட்ட கேளுங்க.

தாய்லாந்து நேரம் நம்ம நேரத்துக்கு ஒரு மணி பின்னாடி. கப்பல் தன்னோட நேரத்துலதான் ஓடும், நம்ம ஃபோன் கரையில இறங்கினதும் தானா அந்த ஊர் நேரத்துக்கு மாறிடும், கப்பல்ல அஞ்சு மணி ஆயிடுச்சுன்னா ஃபோன்ல நாலுதான் காட்டும், நீங்க சாவகாசமா ஷாப்பிங் பண்ணிட்டு இருப்பீங்க. கையில ஒரு சாதா வாட்ச் கட்டி அத கப்பல் நேரத்துலயே விட்டுருங்க.

ரூம்: டெக் பிளான படிக்க கத்துக்கோங்க

இதுக்கு நேரம் ஒதுக்குங்க. ஜன்னல் இல்லாத உள் ரூம், ஜன்னல் ரூம், பால்கனி, சூட்னு நாலு வகை. மூணு ராத்திரி பயணத்துக்கு தூங்க மட்டும்தான் ரூமுக்கு வருவோம்னா உள் ரூமே போதும், ஆனா பெரியவங்க நாள் பூரா வெளியில சுத்த மாட்டாங்க, அவங்களுக்கு பால்கனி எடுத்து குடுங்க, காலையில காப்பியோட கடல பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, அந்த காசு வீண் போகாது.

கப்பல் கம்பெனி வெப்சைட்ல ஒவ்வொரு மாடிக்கும் படம் இருக்கும். முதல்ல உங்க ரூம் நம்பர கண்டுபிடிங்க. அப்புறம் அதுக்கு நேர் மேல் மாடி படத்த தொறந்து அதே இடத்துல என்ன இருக்குன்னு பாருங்க, நீச்சல் குளம்னா விடிகாலையில நாற்காலி இழுக்கற சத்தம் தலைக்கு மேல கேக்கும், பஃபே கிச்சன்னா தள்ளுவண்டி உருளும். கீழ் மாடியில தியேட்டரோ டிஸ்கோவோ இருந்தா ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ட்ரம்ஸ். மேலயும் கீழயும் ரூமாவே இருந்தா அதுதான் நல்ல ரூம். ஜன்னல் ரூம்ல சிலது முன்னாடி உயிர்காப்பு படகு தொங்கும், கடல் தெரியாது, விலை குறைவா இருந்தா இத சந்தேகப்படுங்க. ஆட்டம் கம்மியா வேணும்னா நடுப்பக்கம், கீழ் மாடி. ஊஞ்சல் பலகையில நடுவுல உக்காந்தவங்களுக்கும் ஓரத்துல உக்காந்தவங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கயும். சில ஆஃபர்ல ரூம் நம்பர் குடுக்காம "கேரண்டி"ன்னு போடுவாங்க, கம்பெனி எங்க போடுதோ அங்கதான் படுக்கணும், பெரியவங்க கூட வந்தா அத தொடாதீங்க.

பாத்ரூம் வாசல்ல ஒரு நிலைப்படி மாதிரி மேடு இருக்கும், கால் தடுக்கும். சக்கர நாற்காலி ரூம்ல அது இருக்காது, கதவும் அகலம், ஆனா ஒரு கப்பல்ல அந்த மாதிரி ரூம் கொஞ்சம்தான், சீக்கிரமே கேட்டு வாங்கிக்கணும்.

சாப்பாடு

கெந்திங் டிரீம்ல ஹலால் சர்ட்டிஃபிகேட் வாங்கின சாப்பாடும் இந்திய சைவம், ஜெயின் சாப்பாடும் கிடைக்கும். மத்த கப்பல்ல பஃபேல ரெண்டு மூணு இந்திய குழம்பு இருக்கும், ஆனா "வெஜிடேரியன்"னு போட்டதுல முட்டை இருக்கலாம். புக் பண்ணும்போதே எழுதி குடுங்க, கப்பல் ஏறின முதல் ராத்திரி டைனிங் ரூம் மேனேஜர பாத்து நேர்லயும் சொல்லுங்க, மறுநாளைக்கு என்ன வேணும்னு முதல் நாளே கேட்டு செஞ்சு குடுப்பாங்க. புரட்டாசி, தைப்பூச விரதத்துல இருக்கறவங்க தாராளமா கேக்கலாம், கூச்சப்படாதீங்க. ரைஸ் குக்கர், அயர்ன் எல்லாம் கொண்டு போனா செக்கிங்ல எடுத்து வெச்சுக்குவாங்க, அதனால கசங்காத புடவையா எடுத்து வைங்க.

உண்மையான விலை

போஸ்டர்ல போட்டிருக்கற விலை ஒரு ஆளுக்கு, அதுவும் ரூமுல ரெண்டு பேர் இருந்தா. தனியா போறவங்க பல சமயம் ரெண்டு ஆள் காசு கட்டணும். மூணாவது நாலாவது ஆளுக்கு குறையும். இது மேல போர்ட் டாக்ஸ், லீவு நாள் சர்சார்ஜ், தினசரி டிப்ஸ். ராயல் கரீபியன்ல சாதா ரூமுக்கே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலருக்கு மேல டிப்ஸ் வரும், நாலு பேர் நாலு ராத்திரின்னா பெருக்கிப் பாருங்க, அதே 300 டாலர தொடுது. வைஃபை, கூல்டிரிங்ஸ், ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட், கரையில டூர், எல்லாம் தனி. ரெண்டு கப்பல ஒப்பிடும்போது இந்த மொத்தத்த வெள்ளியில (ரிங்கிட்ல) போட்டு ராத்திரி எண்ணிக்கையால வகுங்க, போஸ்டர்ல மலிவா இருந்தது பல சமயம் கணக்குல மலிவா இருக்காது.

கப்பல் ஏறினதும் எல்லார் ஃபோனும் ஃப்ளைட் மோடுல இருக்கணும். நடுக்கடல்ல கப்பலோட சொந்த நெட்வொர்க் ஃபோன புடிச்சுக்கும், அது சாதாரண ரோமிங் பாஸ்ல பெரும்பாலும் வராது, பில் பயங்கரமா வரும். தாத்தா பாட்டி ஃபோன நீங்களே வாங்கி மாத்தி குடுங்க.

காசு கட்டறதுக்கு முன்னாடி

பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல இருக்கணும். சிங்கப்பூருக்கு போறதுக்கு மூணு நாளுக்குள்ள எஸ்ஜி அரைவல் கார்ட போடணும், அது இலவசம், காசு கேக்கற வெப்சைட்னா வெளிய வந்துருங்க. இன்சூரன்ஸ் எடுக்கும்போது "குரூஸ் கவர் ஆகுமா"ன்னு கேட்டு எழுத்துல வாங்குங்க, கப்பல் கிளினிக்ல ஒரு ட்ரிப்ஸ் ஏத்தினாலே டாலர்லதான் பில் வரும், நடுக்கடல்லருந்து ஆஸ்பத்திரிக்கு கொண்டு போற செலவு அத விட பல மடங்கு. ஏஜெண்ட்கிட்ட அஞ்சு கேள்வி வாட்சப்ல அனுப்பி பதில் வாங்கி வைங்க: கப்பல் பேர் என்ன, ரூம் நம்பர் என்ன, டிப்ஸும் டாக்ஸும் சேத்து மொத்தம் எவ்ளோ, கேன்சல் பண்ணா எந்த தேதி வரைக்கும் எவ்ளோ திரும்ப வரும், ஒரு துறைமுகத்த விட்டுட்டா என்ன குடுப்பாங்க. வாயால "அதெல்லாம் பாத்துக்கலாம் லா"ன்னு சொல்றவங்ககிட்ட டெபாசிட் கட்டாதீங்க, அஞ்சுக்கும் எழுத்துல பதில் குடுக்கற வேற ஏஜெண்ட்கிட்ட போங்க, இல்லன்னா கம்பெனி வெப்சைட்லயே நேரா புக் பண்ணிக்கோங்க.