வீட்டுப் புல்தரை அமைக்கும் முறை: முதலில் நீர்ப்போக்கு, பிறகு புல்

வீட்டைச் சுற்றித் தோட்டம் அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் நேராக நர்சரிக்குச் சென்றுவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் நீர் எவ்வழியே வெளியேறும் என்பதை முடிவு செய்த பிறகு புல்லைத் தேர்ந்தெடுப்பதே முறை.

முதலில் மனையைக் கட்டத்தாளில் வரைந்து, காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் நிழல் விழும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 30 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி, நீர் ஊற்றி வடியவிட்டு, மீண்டும் நிரப்புங்கள். ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் 2.5 செ.மீ. கூட இறங்காவிட்டால் அந்த மண்ணில் வடிகால் போதாது. களிமண்ணில் சிறிதளவு மணலைக் கலப்பது அதை இன்னும் இறுகச் செய்யும் என்பதால், மட்கிய தொழுவுரத்தை மேல் 15 செ.மீ. மண்ணில் கொத்திக் கலப்பதே நல்லது.

மூன்றாவதான சரிவு அமைத்தலில்தான் அதிக கவனம் தேவை. சுவரிலிருந்து வெளிப்புறமாக ஒவ்வொரு மீட்டருக்கும் 2 செ.மீ. தரை தாழ வேண்டும். சுவரோரம் ஒரு முளையும் 5 மீட்டர் தள்ளி மற்றொரு முளையும் அடித்து, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், நீர் நிரப்பிய டியூப் லெவலால் இரண்டிலும் ஒரே மட்டத்தில் கோடிடுங்கள். கோட்டிலிருந்து தரை வரையுள்ள அளவு, தொலைவு முளையில் 10 செ.மீ. கூடுதலாக இருந்தால் சரிவு சரி. சரிவின் முடிவில் மழைநீர் உறிஞ்சுகுழி அமையட்டும்.

கோல்ஃப் மைதானங்களில் பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள, புல்லை மிகக் குட்டையாக வெட்டிய 'கிரீன்' பகுதிக்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் முதன்முதலாக வெளியிட்ட கட்டுமான முறையில், வடிகுழாய்க்கு மேல் சுமார் 10 செ.மீ. சரளையும், அதற்கு மேல் சுமார் 30 செ.மீ. மணற்கலவையும் இடம்பெறுகின்றன, மணல் நிறையும் வரை நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிகுந்ததை மட்டும் சரளைக்கு விடுகிறது. வீட்டுக்கு இது வீண்செலவு என்பதே என் கருத்து, ஏனெனில் மணற்படுகையில் இடும் உரம் எளிதில் அடித்துச் செல்லப்படும்.

நடுவதற்கு முன் தரையை நனைத்துச் சில வாரங்கள் விட்டு, முளைக்கும் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள். புல் படர்ந்தபின் கோரையை ஒழிப்பது மிகவும் கடினம்.

வெயில்படும் இடத்தில் அருகம்புல்லின் வேர்விட்ட தண்டுகளை 10 செ.மீ. இடைவெளியில் நட்டு, வேர்பிடிக்கும் வரை நாள்தோறும் நீர் விடுங்கள். மாமர நிழலில் புல்லுக்கு முயலாமல் கூழாங்கல் பரப்பலாம். கிரீன் புல்லைச் சுமார் 3 மி.மீ. உயரத்துக்கு வெட்டுவார்கள்; வீட்டில் 3 முதல் 4 செ.மீ. விட்டு, ஒரே தடவையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டாமல் பராமரியுங்கள்.