டெல்லியில் பி.காம்., பிசிக்ஸ் படிப்பவர்கள் இலக்கியத் தாள் எடுக்கும்போது

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2022-இல் வந்த பாடத்திட்டப்படி, எந்த ஹானர்ஸ் படித்தாலும் முதல் இரண்டு செமஸ்டரிலும் வேறு துறையிலிருந்து ஒரு ஜி.இ. (ஜெனரிக் எலெக்டிவ், அதாவது பொது விருப்பப் பாடம்) தாள் எடுத்தே ஆகவேண்டும். நான்கு கிரெடிட். தமிழ்நாட்டிலிருந்து வந்த பலர், "இங்கிலீஷ்தானே, சமாளிச்சுடலாம்" என்று அதில் டிக் அடித்துவிடுகிறார்கள். பெரும்பாலான இங்கிலீஷ் ஜி.இ.க்கள் மொழிப் பாடம் அல்ல. கதை, கவிதை, நாடகம் படித்து விவாதிக்கிற பாடம். மொழிக்கென்று ஏ.இ.சி. (எபிலிட்டி என்ஹான்ஸ்மென்ட் கோர்ஸ், திறன் மேம்பாட்டுப் பாடம்) என்ற இரண்டு கிரெடிட் தாள் தனியாக இருக்கிறது. அதில் தமிழுக்கும் இடமுண்டு, ஆனால் தமிழ் ஆசிரியர் இருக்கும் கல்லூரிகள் குறைவு.

பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும் நீண்ட பட்டியலை நம்பாதீர்கள். உங்கள் கல்லூரி இந்த செமஸ்டரில் நடத்தும் தாள்கள் எவை என்று ஆபீஸில் கேளுங்கள். பிறகு சிலபஸைத் திறந்து, தலைப்பைப் பார்க்காமல், எத்தனை புத்தகம் என்று எண்ணுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று பிராக்டிகல் இருப்பவருக்கு இரண்டு நாவலும் ஒரு நாடகமும் தாங்காது. சிறுகதை, கட்டுரை உள்ள தாளோ, எழுத்துப் பயிற்சித் தாளோ தேவலை.

புத்தகத்துக்கு ஆசஃப் அலி ரோடு மஹிளா ஹாட்டில் ஞாயிறு சந்தை இருக்கிறது. தர்யாகஞ்ச் நடைபாதையிலிருந்து 2019-இல் அங்கே மாறியதுதான். வகுப்பில் பயன்படுத்தும் பதிப்பையே தேடுங்கள். பக்க எண் மாறினால் விவாதத்தில் பின்தங்கிவிடுவீர்கள். கேம்பஸில் 'குஞ்சி' என்கிற கைடு கதைச்சுருக்கம் தரும். அதை மட்டும் படித்தவரின் விடை இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

மூன்று லெக்சர், ஒரு டுடோரியல் உள்ள தாளுக்கு மொத்தம் 160 மதிப்பெண்: எழுத்துத் தேர்வு 90, இன்டர்னல் 30, டுடோரியல் 40. அதாவது தேர்வறைக்குள் போகுமுன்பே 70 முடிவாகிவிடுகிறது. "மெயின் சப்ஜெக்ட் இல்லையே" என்று டுடோரியலைக் கட் அடிப்பவர் இழப்பது இதைத்தான்.

இனி எழுத்து. பள்ளியில் பழகிய நயம் பாராட்டல் இங்கே உதவாது. ஒரு கதையைப் பற்றி, "பெண்ணின் துயரம் அழகாகச் சொல்லப்பட்டிருக்கிறது" என்று எழுதினால் அது பாராட்டு, வாதம் அல்ல. யாரும் மறுக்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "கதை முழுக்க 'அம்மா' என்றே வருபவளின் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் ஒருமுறை தெரிகிறது, வீடு தராத அடையாளத்தை அரசாங்கக் காகிதம் தருவதாகக் கதை காட்டுகிறது." இதை ஒருவர் மறுக்கலாம், அதனால் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அந்த ரேஷன் கார்டு வரியை மேற்கோள் காட்டி, அதிலுள்ள சொற்களைப் பற்றி மூன்று நான்கு வாக்கியம் எழுதுங்கள். மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவுவதுதான் அசைன்மென்ட்டுகளில் அதிகம் தெரியும் கோளாறு.

தேர்வில் மூன்று மணி நேரத்துக்கு 90 மதிப்பெண், ஆக மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். 15 மதிப்பெண் கேள்விக்கு அரை மணி. அதில் முதல் ஐந்து நிமிடம் வாதத்தையும் இரண்டு சான்றுகளையும் ஓரத்தில் குறிக்க. முதல் கேள்வியில் கதையைக் கொட்டி ஐம்பது நிமிடம் போக்கியவருக்குக் கடைசி விடை பத்து வரியில் நின்றுபோகும்.