ஊர்ப் பள்ளிக்கூடத்து எஸ்.எம்.சி-யில தவிர்க்க வேண்டிய தப்புங்க

அரசுப் பள்ளிக்கூடத்துல பிள்ளை படிக்குதுன்னா அந்தப் பள்ளியை நடத்துறதுல பெத்தவங்களுக்கும் சட்டப்படி ஒரு பங்கு இருக்கு, இது நிறைய பேருக்கு இன்னும் தெரியல. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கணும்னு சொல்லுது, எல்லாரும் எஸ்.எம்.சி-னு சொல்றது இதைத்தான். குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க, மொத்தத்துல பாதி பெண்கள், ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைங்க எந்த அளவுக்குப் படிக்கிறாங்களோ அந்த அளவுக்கு அவங்க வீட்டுக்காரங்களுக்கும் இடம். தமிழ்நாட்டுல 2022-ல எல்லா அரசுப் பள்ளியிலயும் இதைப் புதுசா அமைச்சப்போ 20 பேர், 2024 ஆகஸ்ட்ல திரும்ப அமைச்சப்போ முன்னாள் மாணவர்களையும் சேத்து 24 பேர், பதவிக்காலம் 2 வருஷம். பள்ளி நடக்கிறதைக் கண்காணிக்கிறது, வளர்ச்சித் திட்டம் தயாரிக்கிறது, வர்ற காசு எப்படிச் செலவாகுதுன்னு பாக்கிறது, இது மூணும் சட்டத்துலயே எழுதியிருக்கிற வேலை. அரசு உதவி பெறும் பள்ளியில இந்தக் குழுவுக்கு 2012 திருத்தத்துக்கு அப்புறம் ஆலோசனை சொல்ற உரிமை மட்டும்தான், அதனால நான் இங்க பேசறது அரசுப் பள்ளியையும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியையும் பத்தி, அதுலயும் நாப்பது அம்பது பிள்ளைங்க படிக்கிற சின்ன ஊர்ப் பள்ளி.

இந்த அதிகாரம் கைநழுவிப் போறது பெரும்பாலும் ரெண்டு இடத்துல. குழுவைத் தேர்ந்தெடுக்கிற அன்னைக்கு யார் வந்தாங்க, அதுக்கப்புறம் தீர்மான நோட்டுல என்ன எழுதினாங்க. மத்த தப்பெல்லாம் இதுலேருந்துதான் கிளைக்குது.

தேர்வு அன்னைக்கு நடக்கற முதல் தப்பு, ரெடியா எழுதி வச்ச பட்டியல். கூட்டத்துக்குப் போனா மேஜை மேல பேர் எழுதின தாள் இருக்கும், "எல்லாம் பேசி முடிச்சாச்சும்மா, உங்க பேருக்கு நேரா கையெழுத்து மட்டும் போடுங்க"ம்பாங்க. ஹெச்.எம்-க்கு, அதாவது தலைமையாசிரியருக்கு, கெட்ட எண்ணம்னு நான் சொல்லல, ஈராசிரியர் பள்ளியில அவருக்கு எமிஸ்-ங்கற ஆன்லைன்ல பள்ளி விவரம் ஏத்தற பதிவு, சத்துணவுக் கணக்கு, மூணு வகுப்புப் பாடம்னு எல்லாம் ஒண்ணா கழுத்தை நெரிக்குது, தெரிஞ்ச முகமா நாலு பேரைப் போட்டு முடிச்சுடலாம்னுதான் தோணும். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, 24 பேர்ல குறைஞ்சது 18 பேர் பெத்தவங்களா இருக்கணும், 40 பிள்ளைங்க படிக்கிற பள்ளியில அக்கா தம்பின்னு ஒரே வீட்டுப் பிள்ளைங்களைக் கழிச்சா ஒரு 30 குடும்பம் தேறும், அப்ப பாதி வீடுகளுக்கு மேலயே குழுவுல இருக்கணும், இதை எப்படி நாலு பேர் பேசி முடிக்க முடியும்? பேரை எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்லுங்க, போட்டி இருந்தா கை தூக்கியோ சீட்டு எழுதிப் போட்டோ முடிவு பண்ணுங்க, முடிஞ்ச பட்டியலை அன்னைக்கே நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்லுங்க.

கூட்டம் வைக்கிற நேரமும் ஒரு பெரிய தப்பு, இதை யாருமே தப்புன்னு நினைக்கறதில்ல. நூறு நாள் வேலைக்குப் போற அம்மாங்களுக்கு வேலைத்தளத்துல காலையில ஒருக்கா, மதியத்துக்கு மேல ஒருக்கான்னு ரெண்டு தடவை போட்டோ எடுத்து வருகை பதியறாங்க, ரெண்டு மணிக்குக் கூட்டம்னா அவங்க அன்னைக்குக் கூலியை விட்டுட்டுத்தான் வரணும். களையெடுப்பு, நடவு சமயத்துலயும் இதே கதைதான். அப்புறம் தகவல் சொல்ற விதம். ஊர்த் தெருவுல மைக் கட்டிச் சொல்லிட்டு காலனிக்கு "பிள்ளைங்க போய் சொல்லிடும்"னு விட்டுடறாங்க, அந்தப் பிள்ளை ரெண்டாங்கிளாஸ் படிக்குது, அது என்னத்தைப் போய் சொல்லும். கூட்டத்துல காலனி ஆளுங்க ரெண்டு பேர் கடைசி வரிசையில உக்காந்திருப்பாங்க, சட்டப்படி இருக்க வேண்டிய விகிதம் தாள்ல மட்டும் நிரம்பியிருக்கும். இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா நிறைய ஊர்ப் பள்ளியை இன்னைக்கு மூடாம நிறுத்தி வச்சிருக்கிறதே அந்தக் குடும்பங்கதான், வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க எப்பவோ மஞ்சள் வேன்ல ஏறிப் போயிட்டாங்க. வீடு வீடா ஒரு சீட்டு கொடுங்க, கூட்டத்தை சாயந்திரம் வைங்க, ஒரு தடவை காலனி பக்கம் இருக்கிற பொது இடத்துலயே முன்கூட்டம் போட்டுப் பேசிட்டு வாங்க.

அஞ்சாம் வகுப்புப் பிள்ளையோட அப்பாவை குழுவுல போடறது இன்னொண்ணு. அடுத்த ஜூன்ல பிள்ளை பக்கத்து ஊர் ஹைஸ்கூலுக்குப் போயிடும், அவர் இடம் காலியாகும், வேற ஆளைப் போடணும்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. தொடக்கப் பள்ளின்னா ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் படிக்கிற பிள்ளைங்களோட பெத்தவங்களா பாத்து அதிகம் எடுத்தா ரெண்டு வருஷமும் குழு உடையாம நிக்கும்.

தலைவரா அம்மா ஒருத்தங்க வந்துடறாங்க, நல்ல விஷயம். ஆனா கூட்டத்துக்கு வர்றது அவங்க வீட்டுக்காரர். "அவளுக்கு என்ன சார் தெரியும், நான் பாத்துக்கறேன்"னு அவர் பேச, அந்தம்மா வாசப்படியில நின்னு கையெழுத்துக்கு மட்டும் உள்ள வர்றாங்க. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாம வயசுக்கு வரப்போற பொண்ணு காலையிலேருந்து தண்ணி குடிக்காம உக்காந்திருக்குங்கறது அந்தம்மாவுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. இதுல தயவு தாட்சண்யமே வேண்டாம், உறுப்பினர் யாரோ அவங்கதான் உக்காரணும், மத்தவங்க வெளிய இருக்கட்டும். புதுசா வந்த தலைவருக்கு ரெண்டு மூணு அம்மாங்க துணையா பக்கத்துல உக்காந்தாலே ரெண்டாவது கூட்டத்துல பேச ஆரம்பிச்சுடறாங்க, நான் பாத்திருக்கேன்.

பி.டி.ஏ-வையும் எஸ்.எம்.சி-யையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. பெற்றோர் ஆசிரியர் கழகம் தனி, அதுக்குத் தனி தலைவர், தனி கணக்கு, பல ஊர்ல அது கட்சிக்காரங்க கையில இருக்கும். பி.டி.ஏ தலைவர் சரின்னுட்டார்ங்கறதுக்காக எஸ்.எம்.சி தீர்மானம் ஆயிடாது.

இப்ப தீர்மான நோட்டு. மாசக் கூட்டத்துல ஒரு மணி நேரம் நல்லாப் பேசுவாங்க, கடைசியில வெத்துப் பக்கத்துல வரிசையா கையெழுத்து வாங்கிட்டு "அப்புறம் எழுதிக்கறேன்"னு நோட்டை மூடிடுவாங்க. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடவே கூடாது. எழுதி, படிச்சுக் காட்டி, அதுக்குக் கீழ உடனே கையெழுத்து, நடுவுல இடம் விட்டிருந்தா குறுக்கே கோடு, அப்புறம் அந்தப் பக்கத்தை ரெண்டு பேர் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கணும். எழுதற விதமும் முக்கியம். "பள்ளிக்குக் கழிப்பறை வசதி வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது"னு எழுதினா மேல இருக்கிற ஆபீஸ்ல அதை யாரும் ரெண்டாவது தடவை படிக்க மாட்டாங்க. "மாணவிகள் 23 பேர் உள்ளனர், இரண்டு கழிப்பறைகளில் ஒன்றில் கதவு உடைந்துள்ளது, மேல்நிலைத் தொட்டிக்குச் செல்லும் குழாய் உடைந்ததால் இரண்டிலும் தண்ணீர் இல்லை, கதவைப் பள்ளி மானியத்தில் இந்த மாதமே சரிசெய்வது, குழாய்க்கு ஊராட்சி ஒன்றியத்துக்குக் கடிதம் கொடுப்பது, பொறுப்பு தலைவரும் தலைமையாசிரியரும்" இப்படி எழுதிப் பாருங்க. அடுத்த மாசம் முதல் வேலையா போன மாசத் தீர்மானத்தைப் படிச்சு, எது ஆச்சு எது ஆகலைன்னு கேக்கணும். பள்ளிக்கல்வித் துறையோட டிஎன்எஸ்இடி பெற்றோர் ஆப்ல தீர்மானத்தைப் பதிவு பண்றாங்க இல்ல, நோட்டுல இருக்கிறதும் அதுல ஏறியிருக்கிறதும் ஒண்ணுதானான்னு தலைவர் தன்னோட போன்லயே பாக்கணும்.

எழுதின தீர்மானத்தைத் தப்பான ஆபீஸுக்குக் கொண்டுபோறதால மாசக்கணக்குல நேரம் போகுது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிக் கட்டடம்னா பி.டி.ஓ-ங்கற வட்டார வளர்ச்சி அலுவலர் ஆபீஸ், இஞ்சினியர் அங்கதான் இருக்கார், குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டம் எல்லாம் ஊரக வளர்ச்சித் துறை வழியா வர்றது. ஆசிரியர் இல்ல, பாடம் நடக்கலைன்னா பி.இ.ஓ-ங்கற வட்டாரக் கல்வி அலுவலர். வளாகத்துக்கு மேல ஒயர் தொங்குதுன்னா மின்வாரியம். எடுத்த எடுப்புல கலெக்டர் மனுநாளுக்கு ஓடினா அந்த மனு சுத்திட்டு இதே ஆபீஸுக்குத்தான் வரும். கட்டட விஷயத்துல மட்டும் தாமதமே கூடாது, 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிஞ்சு 3 பசங்க செத்துப்போனாங்க, அதுக்கப்புறம்தான் மாநிலம் முழுக்க பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க ஆரம்பிச்சாங்க. விரிசல் விட்ட சுவர், பூச்சு உதிர்ற கூரை இருந்தா தீர்மானத்தோட போட்டோவையும் சேத்து அன்னைக்கே கொடுங்க, பதில் வர்ற வரைக்கும் அந்த அறையில பிள்ளைங்களை உக்கார வைக்காம பூட்டி வைக்கச் சொல்லுங்க.

காசு விஷயம் கேக்கவே தயங்கறாங்க, கேட்டா சந்தேகப்படற மாதிரி ஆயிடும்னு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல வருஷத்துக்கு ஒரு பள்ளி மானியம் உண்டு, 30 பிள்ளைங்க வரைக்கும் 10,000 ரூபாய், 100 வரைக்கும் 25,000, 250 வரைக்கும் 50,000, இதுல குறைஞ்சது 10 சதவீதம் சுகாதாரத்துக்குப் போகணும். முன்ன மாதிரி கணக்குல பணமா வந்து நிக்கறதில்ல, செலவு பண்ணலாம்னு ஒரு வரம்பு மட்டும் கொடுக்கறாங்க, அதனால பாஸ்புக்கைப் பாத்துட்டு "காசே வரல"ன்னு சண்டை போடறதுக்கு முன்னாடி வரம்பு எவ்வளவு வந்திருக்குன்னு கேளுங்க. 2024-25-ல மத்திய அரசு தன்னோட பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துல சேர்றது பத்தின தகராறுல தமிழ்நாட்டுக்கு இந்தத் திட்டத்துப் பணத்தை நிறுத்தி வச்ச மாதிரி, ஹெச்.எம் கையில இல்லாத காரணமும் இருக்கலாம். ஆனா வந்த காசுக்கு பில் வேணும், வாங்கின பொருளை ரெண்டு உறுப்பினர் கண்ணால பாத்திருக்கணும், வரவு செலவை சுவத்துல எழுதிப் போடணும். வாங்கறதுக்கு முன்னாடியே தீர்மானம், வாங்கினதுக்கு அப்புறம் இல்ல.

தற்காலிக ஆசிரியர் நியமனம்தான் ஊருக்குள்ள பகையை வளக்கற இடம். காலிப் பணியிடத்துக்கு எஸ்.எம்.சி வழியா ஆள் எடுக்கலாம்னு 2022-ல உத்தரவு வந்தப்போ இடைநிலை ஆசிரியருக்கு மாசம் 7,500 ரூபாய், பின்னாடி அதை 12,000 ஆக்கினாங்க. சம்பளம் கம்மிதான், ஆனாலும் ஊர்ல ஆசிரியர் படிப்பு முடிச்சிட்டு வேலையில்லாம இருக்கிற பிள்ளைங்க எத்தனை பேர், அதனால போட்டி கடுமையா இருக்கும், "நம்ம மருமகதான், போட்டுடுங்க"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார். அறிவிப்பை வெளிய ஒட்டாம ஆள் எடுக்காதீங்க, டெட்-ங்கற ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் பண்ணவங்க விண்ணப்பிச்சிருந்தா அவங்களைத் தாண்டிப் போகாதீங்க, சொந்தக்காரங்க விண்ணப்பிச்சிருக்கிற உறுப்பினர் அந்தக் கூட்டத்துல முடிவு எடுக்க உக்காரக் கூடாது. ஒரு பாடத்தையாவது பிள்ளைங்க முன்னாடி நடத்திக் காட்டச் சொல்லிப் பாத்தா பாதி சண்டை அங்கேயே தீந்துடும்.

இதுக்கு நேர் எதிரான தப்பும் இருக்கு, குழுவுக்கு வந்ததும் வாத்தியார்களை விசாரிக்கற தோரணையில வகுப்புக்குள்ள போய் நிக்கறது. ஆசிரியரை மாத்தற அதிகாரம் எஸ்.எம்.சி-க்கு இல்ல. லேட்டா வர்றாங்க, அடிக்கடி லீவுன்னா முதல்ல ஹெச்.எம்-கிட்ட பேசுங்க, நடக்கலைன்னா எழுதி பி.இ.ஓ-கிட்ட கொடுங்க. 60 பிள்ளைங்க வரைக்கும் 2 ஆசிரியர்னு சட்டமே சொல்லுது, அதுல ஒருத்தர் பயிற்சிக்குப் போயிட்டா மிச்சம் இருக்கிறவர் அஞ்சு வகுப்பையும் ஒரே ஹால்ல வச்சு மேய்க்கிறார், அவரைப் பகைச்சுக்கறதுல பிள்ளைங்களுக்கு என்ன லாபம்?

ஊராட்சியில நடக்க வேண்டிய வேலைன்னா கிராம சபையை விடாதீங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த ஆறு நாள்ல சபை கூடுது, எஸ்.எம்.சி தீர்மான நகலோட பத்து அம்மாங்க போய் நின்னு சபைத் தீர்மானத்துல ஏத்தச் சொன்னா அதைத் தள்ளறது சுலபம் இல்ல. இன்னொண்ணு யூடைஸ், நாடு முழுக்க பள்ளி விவரம் சேக்கற அரசுத் தொகுப்பு. எத்தனை வகுப்பறை, அதுல எது பழுது, கழிப்பறை ஓடுதா, தண்ணி வருதா, சுத்துச்சுவர் இருக்கான்னு பள்ளியில இருந்து வருஷாவருஷம் அதுல ஏத்தி அனுப்பறாங்க. அங்க "நல்ல நிலையில்"னு இருந்தா நீங்க எத்தனை தீர்மானம் போட்டாலும் திட்டத்துல உங்க பள்ளி பேர் வராது, அவசரத்துல போன வருஷத்து விவரத்தையே திரும்ப ஏத்தி விடறது சாதாரணமா நடக்குது. செப்டம்பர் 30-ஐ வச்சுதான் அந்தக் கணக்கு எடுக்கறாங்க, அதனால செப்டம்பர் மாசக் கூட்டத்துல ஹெச்.எம்-கூட உக்காந்து ஒவ்வொரு வரியா வாசிக்கச் சொல்லி, கையோட எழுந்து போய் அந்தக் கழிப்பறையையும் குழாயையும் திறந்து பாத்துட்டு வந்து சரின்னு சொல்லுங்க.